மின்முனையில் கிடைக்கும் எண், மருந்தின் செயலைப் பற்றி எவ்வளவு சொல்லும்?

கரிம மாணவி

வணக்கம். நைட்ரோ தொகுதி உள்ள சில சேர்மங்களைத் தயாரித்து, ஈ.கோலை பாக்டீரியாவில் அவற்றின் செயல்பாட்டைச் சோதித்து வைத்திருக்கிறேன். இப்போது என் வழிகாட்டி எல்லாவற்றுக்கும் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் மாற்றி மின்னோட்டத்தை அளப்பது) எடுக்கச் சொல்லியிருக்கிறார். டைமெத்தில்ஃபார்மமைடில் கரைத்து, கண்ணாடிக் கார்பன் மின்முனையில் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒடுக்க உச்சி (சேர்மம் எலக்ட்ரானை ஏற்கும்போது மின்னோட்டம் உயரும் இடம்) தெளிவாக வருகிறது.

எளிதில் எலக்ட்ரானை ஏற்கும் சேர்மம்தான் பாக்டீரியாவை அதிகம் கொல்லும் என்று எதிர்பார்த்தேன். சில சேர்மங்களுக்கு அது பொருந்துகிறது, சிலவற்றுக்குத் தலைகீழாக இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்தே கேட்கிறேன். ஒரு கார்பன் துண்டின் மேல் நடக்கும் எலக்ட்ரான் மாற்றம், உயிருள்ள செல்லுக்குள் மருந்து செய்வதை எந்த அளவுக்கு விளக்கும்? எங்கே விளக்காது?

மின்முனை

நல்ல கேள்வி. காற்றில்லாக் கிருமிகளுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் என்ற மருந்திலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

மெட்ரோனிடசோல் உள்ளே போகும்போது நஞ்சு இல்லை. அதன் நைட்ரோ தொகுதி ஓர் எலக்ட்ரானை ஏற்று எதிர்மின் தனியுறுப்பாக (இணை சேராத எலக்ட்ரான் உள்ள துகளாக) மாறிய பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. அதற்குப் பின் வரும் வினைபடு இடைப்பொருள்கள்தான் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. பிஹெச் 7-இல் அந்த முதல் எலக்ட்ரானுக்கான மின்னழுத்தம், நிலையான ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டு, சுமார் −486 மில்லிவோல்ட். இது மிகவும் கீழே இருக்கும் மதிப்பு. நம் செல்களில் எலக்ட்ரான் கொடுக்கும் முக்கிய மூலக்கூறான என்ஏடிபிஹெச்-இன் மதிப்பு −320 பக்கம். அதற்கு இந்த மருந்தின் கையில் எலக்ட்ரானைத் திணிப்பது கடினம். ஆனால் காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்களிலும் டிரைகோமோனாஸ் போன்ற ஒட்டுண்ணிகளிலும் ஃபெரிடாக்சின் என்ற இரும்பு-கந்தகப் புரதம் இருக்கிறது. கிளாஸ்டிரிடியத்தின் ஃபெரிடாக்சின் −400-க்கும் கீழே நிற்கிறது. அதனால் முடிகிறது.

கவனித்தால் −486 இன்னும் கொஞ்சம் கீழேதான். அப்படியானால் எப்படி நடக்கிறது? 25 டிகிரி செல்சியஸில் ஓர் எலக்ட்ரான் மாற்றத்துக்கு 59 மில்லிவோல்ட் வித்தியாசம் என்றால் சமநிலையில் பத்து மடங்கு வித்தியாசம், அவ்வளவுதான். சிறிதளவு தனியுறுப்பு உருவாகிறது. அது உடனே அடுத்த வினையில் தீர்ந்துபோகிறது. தீர்ந்த இடத்தை நிரப்ப இன்னும் உருவாகிறது. பின்தொடரும் வினைதான் முன்வினையை இழுத்துக்கொண்டு போகிறது. மின்வேதியியல் ஆய்வகத்தில் தினமும் பார்க்கும் விஷயம் இது.

அப்புறம் ஆக்சிஜன். ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானை ஏற்று சூப்பர் ஆக்சைடு ஆகும் மதிப்பு, 1 மோலார் செறிவை அடிப்படையாக வைத்தால், −160 மில்லிவோல்ட் அளவில் இருக்கிறது. அதாவது நைட்ரோ தனியுறுப்பு ஆக்சிஜனைச் சந்தித்தால் எலக்ட்ரானை உடனே ஒப்படைத்துவிட்டு, மருந்து பழைய மருந்தாகவே திரும்பிவிடும். மனித செல்லில் தப்பித்தவறி ஒடுக்கம் நடந்தாலும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரே மருந்து காற்றில்லாப் பாக்டீரியாவைக் கொன்று, காற்றைச் சுவாசிக்கும் செல்லை விட்டுவைப்பதன் காரணத்தை நான்கு எண்களை வரிசையில் வைத்தே பார்த்துவிட முடிகிறது. மருந்தியலில் இத்தனை சிக்கனமான விளக்கம் கிடைப்பது அரிது.

புதிய வாசகர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எதிர்க்குறி அதிகமானால் எலக்ட்ரானை ஏற்பது கடினம் என்று புரிந்துகொண்டேன். சரிதானா?

மின்முனை

சரி. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போவதுபோல, எலக்ட்ரான் எதிர்ப்பக்க மதிப்பிலிருந்து நேர்ப்பக்க மதிப்புக்குத் தானாகப் போகும். ஒரு மருந்தின் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். கொடுப்பவரின் எண், வாங்குபவரின் எண் இரண்டையும் எப்போதும் பக்கத்தில் வையுங்கள்.

மருந்தியல் மேசை

மெட்ரோனிடசோல் கதை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி இழைகளில் அந்த அழகை எல்லா மருந்துக்கும் நீட்டிவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மருந்துகளில் பெரும்பாலானவை எலக்ட்ரானைக் கொடுத்தோ வாங்கியோ வேலை செய்வதில்லை. பெனிசிலின் பாக்டீரியாச் சுவர் கட்டும் நொதியோடு பிணைப்பை உருவாக்கி அதை முடக்குகிறது. பீட்டா தடுப்பான்கள் ஏற்பியில் போய் உட்காருகின்றன. இவற்றின் உச்சி மின்னழுத்தத்தை அளந்து செயல்பாட்டோடு கோடு போட்டால், பத்துச் சேர்மங்களில் ஏதாவது ஒரு நேர்க்கோடு வந்தே தீரும். ஏனென்றால் எலக்ட்ரானைக் கவரும் ஒரு பதிலியை (மூலக்கூறில் மாற்றி வைக்கும் தொகுதியை) மாற்றினால் மின்னழுத்தமும் மாறும், கொழுப்பில் கரையும் தன்மையும் மாறும், அமிலத்தன்மையும் மாறும். எது காரணம் என்று அந்தக் கோடு சொல்லாது. மாணவியிடம் ஒரு வேண்டுகோள்: முதலில் உங்கள் சேர்மம் செல்லுக்குள் உண்மையிலேயே ஒடுங்குகிறதா என்று கேளுங்கள். பிறகு மின்னழுத்தத்துக்கு வாருங்கள்.

மின்முனை

இதில் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம் குறைவு. பீட்டர் கோவாசிக் என்ற வேதியியலாளர் பல ஆண்டுகளாக ஒரு கருத்தை முன்வைத்தார்: குயினோன், நைட்ரோ சேர்மம், உலோக அணைவு, இமைன் போன்ற தொகுதிகள் உள்ள மருந்துகளின் ஒடுக்க மதிப்பு −0.5 வோல்ட்டைவிட நேர்ப்பக்கம் இருந்தால், உடலுக்குள் எலக்ட்ரான் மாற்றத்தில் ஈடுபட்டு ஆக்சிஜன் தனியுறுப்புகளை உருவாக்கும் வாய்ப்பு உண்டு என்று. இதை நான் ஒரு நுழைவுச் சோதனையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே வரலாமா என்று சொல்லும். வந்தபின் என்ன செய்யும் என்று சொல்லாது.

அந்த எல்லையைக்கூட நேரடியாகப் பொருத்த முடியாத மருந்தும் இருக்கிறது. மலேரியா மருந்தான அர்டெமிசினினின் பெராக்சைடு (இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலான) பிணைப்பை வெறும் மின்முனையில் ஒடுக்க, வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையை ஒப்பிட்டு, −1 வோல்ட் அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் 'செல்லுக்குள் நடக்கவே நடக்காது' என்று எழுதி முடித்திருப்போம். ஆனால் கரைசலில் ஹீமினை (இரத்தத்தின் ஹீம் போன்ற இரும்புச் சேர்மத்தை) சேர்த்தால் அதே ஒடுக்கம் மிகக் குறைந்த எதிர்மதிப்பிலேயே நடந்துவிடுகிறது. மலேரியா ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைச் செரித்து ஹீமை ஏராளமாக வெளியே விடுகிறது. மருந்து அங்கேதான் வெடிக்கிறது. மின்முனை பொய் சொல்லவில்லை. செல்லில் இருக்கும் துணையைக் கரைசலில் வைக்காமல் கேட்டோம், அதற்கேற்ற பதில் வந்தது.

நச்சியல் ஆர்வலர்

ஒடுக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆக்சிஜனேற்றப் பக்கத்தில் மின்வேதியியல் இன்னும் நேரடியாக உதவுகிறது, முக்கியமாகப் பக்க விளைவுகளை விளக்க.

பாரசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில் அதன் சிறு பங்கை சைட்டோகுரோம் பி450 நொதிகள் ஆக்சிஜனேற்றம் செய்து நாப்கி என்று சுருக்கமாக அழைக்கப்படும் குயினோன் இமைனாக மாற்றுகின்றன. செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற கந்தகச் சேர்மம் இருக்கும் வரை அது பிடிபட்டு வெளியேறிவிடும். மருந்தளவு மீறிப்போய் குளூட்டாதயோன் தீர்ந்துவிட்டால், கல்லீரல் புரதங்களோடு ஒட்டி செல்களைக் கொல்லும். அசிட்டைல்சிஸ்டைன் மாற்று மருந்தாக இருப்பது இந்தக் குளூட்டாதயோனைத் திரும்ப நிரப்பத்தான்.

இப்போது மின்முனைக்கு வாருங்கள். பாரசிட்டமாலை கார்பன் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் செய்தால் இரண்டு எலக்ட்ரான், இரண்டு புரோட்டான் இழந்து அதே நாப்கி கிடைக்கிறது. நடுநிலைக்கு அருகில் வேகமாக அலகிட்டால் திரும்பும் உச்சியையும் பார்க்கலாம். அமிலத்தில் நாப்கி நீரோடு வினைபுரிந்து பென்சோகுயினோனாகச் சிதைவதால் திரும்பும் உச்சி காணாமல் போகும். கரைசலில் குளூட்டாதயோனைச் சேர்த்தால் கூட்டுப்பொருள் உருவாகிறது. மின்கலத்தை நிறை நிறமாலைமானியோடு இணைத்தால் அந்தக் கூட்டுப்பொருளின் நிறையையே படிக்கலாம். கல்லீரல் செல்லில் ஒரு நொடியில் மறைந்துவிடும் ஒன்றை வெளியே உருவாக்கி, நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு இது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நொதி, முதல் படியில் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி நடத்தும் வினைகளை மின்முனை நன்றாகவே பின்பற்றும். லிடோகெய்னின் நைட்ரஜனிலிருந்து எத்தில் தொகுதி கழல்வது, கந்தகத்தின் ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜன் நீக்கம் எல்லாம் இந்த வகை. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைத்து அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வைப்பது போன்ற வேலையை வெறும் மின்முனையால் செய்ய முடியாது. அது நொதியின் இரும்பு-ஆக்சிஜன் மையத்துக்கே உரிய வித்தை.

மருந்தியல் மேசை

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்தளவை மறந்துவிடாதீர்கள். மனநோய் மருந்தான குளோசபைன், வெள்ளணு வகையான நியூட்ரோஃபில் செல்களில் ஆக்சிஜனேற்றம் அடைந்து நைட்ரீனியம் அயனியாக மாறுகிறது. அது வெள்ளணுக் குறைபாட்டுக்குக் காரணம் என்று பேசப்படுகிறது. இன்னொரு மனநோய் மருந்தான ஒலன்சபைனும் கிட்டத்தட்ட அதே வகை இடைப்பொருளைத் தரக்கூடியதுதான். ஆனால் முதல் மருந்து நாளுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராமில் கொடுக்கப்படுகிறது. இரண்டாவது 5 முதல் 20 மில்லிகிராம். வோல்டாமோகிராமில் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும் இரண்டு மருந்துகள் நோயாளியிடம் அப்படி நடந்துகொள்வதில்லை.

நச்சியல் ஆர்வலர்

சரியான எடுத்துக்காட்டு. அதே சமயம் அமோடியாகுயின் என்ற மலேரியா மருந்தையும் பாருங்கள். குயினோன் இமைன் உருவாவதுதான் சிக்கல் என்று தெரிந்தபின், ஹைட்ராக்சில் தொகுதியையும் பக்கச் சங்கிலியையும் இடம் மாற்றி ஐசோகுயின் என்ற சேர்மத்தை வடிவமைத்தார்கள். அந்த அமைப்பால் குயினோன் இமைனாக மாற முடியாது. அணுக்கள் அதே அணுக்கள், எலக்ட்ரான் வெளியேறும் வழி மட்டும் அடைபட்டது. இப்படி ஒரு முடிவை வடிவமைப்பு நிலையிலேயே எடுக்க முடிவதுதான் எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம்.

உலோக அணைவு

பிளாட்டினத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! சிஸ்பிளாட்டினின் கதை ஆரம்பித்ததே மின்முனையில்தான். 1960-களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், செல் பிரிதலில் மின்புலம் என்ன செய்யும் என்று பார்க்க ஈ.கோலை வளர்ப்புக்குள் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிரியாமல், வழக்கமான நீளத்தைவிட 300 மடங்கு வரை இழைகளாக நீண்டன. மின்புலம் காரணம் இல்லை. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து உருவாக்கிய அணைவுதான் காரணம். 1965-இல் அந்த முடிவு வெளியானது. 1978-இல் சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது.

இந்த இழைக்கு நேரடியாகப் பொருந்துவது அடுத்த தலைமுறை, பிளாட்டினம்(IV) சேர்மங்கள். இவை தாமாக டிஎன்ஏவோடு எளிதில் பிணைவதில்லை. செல்லுக்குள் அஸ்கார்பேட், குளூட்டாதயோன் போன்றவை இவற்றுக்கு இரண்டு எலக்ட்ரான் கொடுத்து பிளாட்டினம்(II) ஆக்க வேண்டும். எவ்வளவு எளிதில் ஒடுங்கும் என்பதை மேலும் கீழும் இருக்கும் அச்சு ஈந்திகள் (உலோகத்தோடு இணைந்திருக்கும் தொகுதிகள்) தீர்மானிக்கின்றன. குளோரைடு இருந்தால் மிக எளிது, அசிட்டேட் நடுத்தரம், ஹைட்ராக்சைடு கடினம். மிக எளிதில் ஒடுங்கினால் கட்டியை அடைவதற்கு முன் இரத்தத்திலேயே வீணாகும். மிகக் கடினமானால் மருந்தாக விழிக்காமலே வெளியேறும். சாட்ராபிளாட்டினில் அச்சு ஈந்தி அசிட்டேட், ஐப்ரோபிளாட்டினில் ஹைட்ராக்சைடு. முதலாவது எளிதில் ஒடுங்குவதும், இரண்டாவது உடலில் நீண்ட நேரம் மாறாமல் இருப்பதும் இந்த வரிசையோடு ஒத்துப்போகின்றன. ஒரு எச்சரிக்கை: இந்த அலைகள் மீளாதவை, அதாவது திரும்பும் உச்சி வராதவை. அங்கே கிடைப்பது உச்சி மதிப்பு மட்டுமே, உண்மையான சமநிலை மதிப்பு இல்லை. அதனால் சில சேர்மங்களில் உச்சியின் வரிசையும் அஸ்கார்பேட்டோடு ஒடுங்கும் வேகத்தின் வரிசையும் ஒத்துப்போவதில்லை.

மாணவி கேட்ட 'எந்த அளவுக்கு விளக்கும்' என்பதற்கு என் பதில் ஃபெரோசிஃபென். மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபெனின் ஒரு பென்சீன் வளையத்தை எடுத்துவிட்டு, ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தை வைத்த சேர்மங்கள் இவை. ஜெரார் ஜாவென் குழுவின் உருவாக்கம். ஹைட்ராக்சிடமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் செல்களை மட்டுமே தடுக்கும். ஹைட்ராக்சிஃபெரோசிஃபென் ஏற்பி இல்லாத செல்களையும் தடுத்தது. ஏற்பியே இல்லாத இடத்தில் எப்படி? கிறிஸ்தியான் அமாத்தோர் போன்றவர்கள் வோல்டாமெட்ரியில் பார்த்தார்கள். முதலில் ஃபெரோசீனின் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. கரைசலில் பிரிடின் அல்லது இமிடசோல் போன்ற காரம் இருந்தால் ஃபீனால் தன் புரோட்டானைக் கொடுக்கிறது. உடனே ஃபீனால் பக்கத்து எலக்ட்ரான் மூலக்கூறுக்குள்ளேயே நகர்ந்து இரும்பு இழந்ததை ஈடுசெய்கிறது. இது தொடர்ந்தால் முடிவில் குயினோன் மெத்தைடு உருவாகிறது. அது புரதங்களின் தயோல்களைத் தாக்கும்.

இதன் அழகு, எதிர்ச்சோதனைகளும் ஒத்துப்போனதில்தான். ஃபெரோசீனுக்கும் ஃபீனாலுக்கும் இடையே இரட்டைப் பிணைப்புத் தொடரை அறுத்தால் எலக்ட்ரான் நகர வழியில்லை, செல்களின் மேல் விளைவும் சரிகிறது. இரும்புக்குப் பதில் ருதேனியம் வைத்தால் அப்படி மீள்தன்மையோடு எலக்ட்ரான் இழப்பதில்லை, ஏற்பி இல்லாத செல்களின் மேல் அந்த விளைவும் இல்லை. வெறும் தொடர்புக் கோடு போடுவதற்கும் வினைவழியை நிறுவுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மருந்தியல் மேசை கேட்ட ஆதாரம் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

மருந்தியல் மேசை

ஆமாம், இதுதான். நான் எதிர்ப்பது இதையல்ல. எதிர்ப்பது டாக்சோரூபிசினில் நடந்தது போன்றவற்றை.

புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசினின் குயினோனுக்கு ஒற்றை எலக்ட்ரான் மதிப்பு −328 மில்லிவோல்ட். செல் நொதிகள் எளிதில் எலக்ட்ரான் கொடுக்கும், அது ஆக்சிஜனுக்குக் கடத்தி சூப்பர் ஆக்சைடு உருவாக்கும். அதே வகைப் புற்றுநோய் மருந்தான மைட்டாக்சாண்ட்ரோனின் மதிப்பு −527. ஒடுங்குவது கடினம், இதயத்துக்கு ஏற்படும் சேதமும் ஒப்பீட்டில் குறைவு. பார்க்க எவ்வளவு கச்சிதம்! இதை வைத்து டாக்சோரூபிசினின் இதய நச்சுத்தன்மை முழுக்கத் தனியுறுப்புகளின் வேலை என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அப்படியானால் வைட்டமின் ஈ-யும் அசிட்டைல்சிஸ்டைனும் நோயாளிகளின் இதயத்தைக் காத்திருக்க வேண்டும். காக்கவில்லை. 2012-இல், இதயத் தசைச் செல்லில் டோப்போஐசோமரேஸ் 2-பீட்டா நொதி இல்லாத எலிகள் இந்தச் சேதத்திலிருந்து பெரிதும் தப்பின என்று காட்டினார்கள். இதயத்தைக் காக்கக் கொடுக்கும் டெக்ஸ்ராசோக்சேன் காப்பது இரும்பைப் பிடிப்பதால் மட்டும் இல்லை, இந்த நொதியைத் தொடுவதாலும் என்ற பார்வை வலுத்தது. மின்னழுத்தம் சொன்னது தவறு இல்லை. சூப்பர் ஆக்சைடு உருவாகிறது. ஆனால் கொல்வது அதுதான் என்ற முடிவை மின்முனையால் தர முடியாது.

கரிம மாணவி

எல்லோருக்கும் நன்றி. பிளாட்டினம் பகுதியை இரண்டு முறை படித்தேன். என் விவரங்களைச் சொல்கிறேன். பாக்டீரியாச் சோதனை வழக்கமான இன்குபேட்டரில், காற்றுள்ள சூழலில் செய்தது. வரிசை தப்பும் சேர்மங்கள் எல்லாம் 5-நைட்ரோஇமிடசோல் வகை. பொருந்துபவை நைட்ரோஃபியூரான்கள். இதில் ஏதாவது இருக்கிறதா?

மின்முனை

எல்லாமே அதில்தான் இருக்கிறது!

காற்றுள்ள சூழலில், நான் முதலில் சொன்ன ஒற்றை எலக்ட்ரான் வழியை ஆக்சிஜன் அடைத்துவிடும். 5-நைட்ரோஇமிடசோல்கள் அங்கே செயலிழந்து நிற்பது எதிர்பார்க்கக்கூடியதே. நைட்ரோஃபியூரான்களுக்கு மட்டும் ஏன் வேலை நடக்கிறது? ஈ.கோலையில் என்எஃப்எஸ்ஏ, என்எஃப்எஸ்பி என்று இரண்டு நைட்ரோ ஒடுக்க நொதிகள் இருக்கின்றன. அவை ஒரே மூச்சில் இரண்டிரண்டு எலக்ட்ரானாகக் கொடுக்கும். தனியுறுப்பு நிலை வெளியே வருவதே இல்லை, அதனால் ஆக்சிஜனால் எலக்ட்ரானைத் திரும்பப் பறிக்க முடியாது. நைட்ரோஃபியூரன்டாயினின் ஒற்றை எலக்ட்ரான் மதிப்பு −260 மில்லிவோல்ட் அளவில் இருப்பதும் உதவுகிறது. இந்த நொதிகளின் மரபணுக்களில் பிறழ்வு வந்த பாக்டீரியாக்கள் நைட்ரோஃபியூரன்டாயினுக்கு எதிர்ப்புத்தன்மை பெறுகின்றன. மின்னழுத்தம் மாறவில்லை, எலக்ட்ரான் கொடுப்பவர் காணாமல் போனார். சாகாஸ் நோய் ஒட்டுண்ணியில் பென்ஸ்நிடசோலும் நிஃபர்டிமாக்சும் இதே வகை நொதியால்தான் விழிக்கின்றன.

ஆக, உங்கள் சேர்மங்களை ஒரே கோட்டில் வைக்காதீர்கள். இரண்டு குடும்பங்களாகப் பிரியுங்கள். இமிடசோல்களைக் காற்றில்லாப் பாக்டீரியாவில், காற்றில்லாச் சூழலில் சோதியுங்கள். முடிந்தால் நைட்ரோ ஒடுக்க நொதி இல்லாத ஈ.கோலை வகையையும் பக்கத்தில் வைத்து ஃபியூரான்களைச் சோதியுங்கள்.

மின்வேதியியல் பக்கத்திலும் ஒன்று. டைமெத்தில்ஃபார்மமைடில் உங்களுக்குத் தெளிவான, மீள்தன்மையுள்ள ஒற்றை எலக்ட்ரான் அலை கிடைத்திருக்கும். தனியுறுப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க அது நல்லது. முன்னும் பின்னும் வரும் உச்சிகளின் மின்னோட்ட விகிதத்தைப் பல அலகீட்டு வேகங்களில் எடுங்கள். ஆனால் அந்த மதிப்பை செல்லின் என்ஏடிபிஹெச்-ஓடு ஒப்பிடக் கூடாது. நீரில் புரோட்டான்கள் உள்ளே வருகின்றன. அமிலக் கரைசலில் நான்கு எலக்ட்ரான் ஒரே அலையாகப் போய் ஹைட்ராக்சிலமைன் ஆகிவிடும். காரத்தன்மை கூடும்போது ஒன்று, மூன்று என்று அலை பிரியத் தொடங்கும். பிஹெச் 7.4 தாங்கல் கரைசலிலும் அளந்து இரண்டையும் அறிக்கையில் தனித்தனியே கொடுங்கள்.

கரிம மாணவி

நீரில் சில சேர்மங்கள் கரைவதில்லை. கொஞ்சம் எத்தனால் கலக்கலாமா? அப்புறம் என் ஒப்பீட்டு மின்முனை வெள்ளி-வெள்ளி குளோரைடு.

மின்முனை

கலக்கலாம், எல்லாச் சேர்மத்துக்கும் ஒரே விகிதத்தில். நீர்க்கரைசலில், நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு உள்ள வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனை என்றால் சுமார் 197 மில்லிவோல்ட் கூட்டினால் ஹைட்ரஜன் மின்முனை அளவுக்கு வரும். எத்தனால் கலந்தால் திரவச் சந்திப்பில் சிறு விலகல் வரும். டைமெத்தில்ஃபார்மமைடில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒவ்வொரு முறையும் கடைசியில் சிறிது ஃபெரோசீன் சேர்த்து அதன் மதிப்பை ஒப்பிட்டு எழுதுங்கள்.

நச்சியல் ஆர்வலர்

நேரம் இருந்தால், டைமெத்தில்ஃபார்மமைடு கரைசலில் குளூட்டாதயோனைச் சிறிது நீர்க் கரைசலாகப் படிப்படியாகச் சேர்த்து, திரும்பும் உச்சி குறைகிறதா என்றும் பாருங்கள். அதே அளவு வெறும் நீர் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டுச் சோதனையும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் புரோட்டான் கொடுக்கும் எதுவும் அந்த உச்சியைக் குறைக்கும்.

கரிம மாணவி

காற்றில்லா ஜாடி பக்கத்து ஆய்வகத்தில் இருக்கிறது, கேட்டுவிட்டேன். கிளாஸ்டிரிடியம் வளர்ப்பு கிடைத்ததும் இமிடசோல்களை முதலில் செய்கிறேன். இரண்டு குடும்பங்களின் வரைபடங்களையும் தனித்தனியாக இங்கேயே பதிவிடுகிறேன்.